பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடத்தான் வேண்டுமா?

கேள்வி: 10 அக்டோபர் 2025

பட்டர்வொர்த்திலிருந்து கேட்கிறேன். மகள் படிவம் மூன்று. 2016-இல் வாங்கிய லேப்டாப் ஒன்று வீட்டில் இருக்கிறது. இன்டெல் ஐ5 பிராசஸர், 4 ஜிபி ரேம். திறக்கவே நான்கு நிமிடம் ஆகிறது. பழுது பார்க்கக் கொண்டுபோன கடையில், வரும் செவ்வாய்க்கிழமையோடு விண்டோஸ் 10 முடிந்தது, இனி இதை வைத்திருந்து பயனில்லை என்று சொல்லிப் புதியது ஒன்றைக் காட்டினார்கள். 2,900 வெள்ளி (ரிங்கிட்). தீபாவளிச் செலவு வேறு இருக்கிறது. வாங்கித்தான் ஆக வேண்டுமா?

10 அக்டோபர் 2025, இரவு

இப்போதைக்கு வாங்காதீர்கள்.

செவ்வாய்க்கிழமை, 14-ஆம் தேதி நிற்கப்போவது மைக்ரோசாஃப்ட் மாதாமாதம் அனுப்பும் பாதுகாப்புத் திருத்தங்கள். கம்ப்யூட்டர் 15-ஆம் தேதி காலையிலும் வழக்கம்போலத் திறக்கும். ஆபத்து மெதுவாகத்தான் வரும். விண்டோஸில் புதிதாக ஓர் ஓட்டையை யாரோ கண்டுபிடிப்பார்கள், அதை அடைக்க ஆள் இருக்காது, அப்படி அடைபடாத ஓட்டைகள் ஒவ்வொரு மாதமும் கூடும். ஆன்டிவைரஸ் போட்டால் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கதவே உடைந்திருக்கும்போது காவலாளி எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்?

கீபோர்டுக்குக் கீழே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை, அல்லது சிஸ்டம் விவரப் பக்கத்தைப் பாருங்கள். ஐ5-க்குப் பின்னால் வரும் நான்கு இலக்க எண் 6-இல் தொடங்கினால் அது ஆறாவது தலைமுறை. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக இன்டெல் எட்டாவது தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். ஏழாவதில் ஓரிரண்டு விதிவிலக்கு உண்டு. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். பள்ளிக்கூட வேலைக்கு ஆறாவது தலைமுறை ஐ5 தாராளமாகப் போதும், ஆனால் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது.

இரண்டு வழி இருக்கிறது. 30 அமெரிக்க டாலர் கட்டினால் மைக்ரோசாஃப்ட் இன்னும் ஓராண்டுக்குத் திருத்தம் தரும். இல்லையென்றால், நிறுவும்போது சோதனையைத் தாண்டிப் போகும் ஒரு தந்திரம் இருக்கிறது, அதை வைத்து விண்டோஸ் 11 போட்டுவிடலாம். நானே செய்திருக்கிறேன்.

நான்கு நிமிடம் எடுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான். முதலில் அதை மாற்றுங்கள். ரேம் பிறகு பார்க்கலாம். ரேம் விலை இறங்கிக்கொண்டேதான் வரும், அவசரமில்லை.

11 அக்டோபர் 2025

சோதனையைத் தாண்டும் தந்திரத்தைச் சொன்னேன் அல்லவா? திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

இரவெல்லாம் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். சுங்கை ஆராவில் இருக்கும் என் பெரியப்பா மகனுக்கு அப்படித்தான் போட்டுக் கொடுத்தேன். மாதத் திருத்தங்கள் வந்தன. ஆண்டுக்கு ஒரு முறை வரும் பெரிய பதிப்பு மட்டும் தானாக வரவே இல்லை. ஒவ்வொரு பதிப்புக்கும் ஓர் ஆயுள் இருக்கிறது, அது முடிந்தால் மாதத் திருத்தமும் நின்றுபோகும். நான் போய் யுஎஸ்பி செருகி, மறுபடி தாண்டி, ஒரு சனிக்கிழமை முழுவதும் உட்கார்ந்து செய்தேன். எனக்கு அது பிடித்த வேலை. பள்ளிக்கூடப் பிள்ளை இருக்கும் வீட்டில், மறுநாள் பாடம் ஒப்படைக்க வேண்டிய இரவில், யார் போய்ச் செய்வது? மைக்ரோசாஃப்டும் இப்படி நிறுவிய கருவிகளுக்குத் திருத்தம் கிடைக்கும் என்று உறுதி கொடுப்பதில்லை. நீங்கள் அந்த வழியில் போக வேண்டாம்.

12 அக்டோபர் 2025

இன்னொரு திருத்தம், இது நல்ல செய்தி. 30 டாலர் கட்டாயம் என்று எழுதியது தவறு. கட்டலாம், அல்லது மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகள் 1,000 இருந்தால் அதைக் கொடுக்கலாம், அல்லது விண்டோஸ் பேக்கப்பை இயக்கி உங்கள் அமைப்புகளை அவர்களுடைய கணக்கில் சேமிக்கவிட்டால் காசே வேண்டாம். மூன்றில் எதைச் செய்தாலும் 13 அக்டோபர் 2026 வரை பாதுகாப்புத் திருத்தம் வரும். மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்று வேண்டும், விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பில் இருக்க வேண்டும். அப்டேட் பக்கத்திலேயே சேர்வதற்கான இணைப்பு தெரியும். தெரியவில்லை என்றால் நிலுவையில் இருக்கும் அப்டேட்டுகளை முதலில் முடியுங்கள்.

ஓராண்டு கழித்து இதே கதைதானே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இதே கதைதான். ஆனால் அடுத்த ஆண்டு அந்தப் பிள்ளை படிவம் நான்குக்குப் போயிருக்கும், எந்தப் பாடப்பிரிவு, என்ன மென்பொருள் வேண்டும் என்று தெரிந்திருக்கும். இன்று கடைக்காரர் அவசரப்படுத்துகிறார் என்று 2,900 வெள்ளி கொடுப்பதும், அடுத்த ஆண்டு தேவை தெரிந்து கொடுப்பதும் ஒன்றில்லை.

18 அக்டோபர் 2025

கேள்வி கேட்ட பட்டர்வொர்த் அண்ணன் இன்று லேப்டாப்போடு வந்துவிட்டார். பினாங்கு ஸ்திரீட்டில் தீபாவளிச் சாமான் வாங்க ஃபெரியில் வந்தவர், அப்படியே பாயான் பாரு வரைக்கும் வந்தார். தே தாரிக் ஆறும்வரை பேசிவிட்டுத் திறந்தோம்.

பார்த்தவுடனே ஒன்று உறுத்தியது. டச்பேட் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. கடையில் கேட்டதற்குப் பிளாஸ்டிக் சூட்டில் வளைந்துவிட்டது என்றார்களாம். கடையின் பெயரை நான் கேட்கவில்லை, தெரியவும் வேண்டாம். ஆனால் இதை எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள்: டச்பேடோ கீபோர்டோ உப்பினால், அடிப்பாகம் மேஜையில் சமமாக உட்காராமல் ஆடினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது பேட்டரி. பத்துத் திருகையும் கழற்றிப் பார்த்தால் பேட்டரி தலையணைபோல வீங்கிக் கிடந்தது. அதன்மேல்தான் அந்தப் பிள்ளை இத்தனை நாள் கை வைத்து எழுதியிருக்கிறாள். எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை.

லித்தியம் அயன் பேட்டரிக்குள் இருக்கும் எலக்ட்ரோலைட் காலப்போக்கில் சிதைந்து வாயுவாகிறது. உறை மூடியிருப்பதால் வாயு வெளியேற வழியில்லை, அதனால் வீங்குகிறது. சூடும், எப்போதும் நூறு சதவீதத்தில் நிற்பதும் இதை விரைவுபடுத்தும். நம் ஊர் வெக்கை, நாள் முழுக்கச் சுவிட்சில் செருகிய லேப்டாப், காற்று போகாத சோஃபா, மூன்றும் சேர்ந்தால் வேறென்ன நடக்கும்? வீங்கிய பேட்டரியை அழுத்தக்கூடாது, குத்தக்கூடாது, சார்ஜ் போடக்கூடாது. கத்தியால் நெம்பி எடுக்கவும் கூடாது. நான் முதலில் இணைப்பைக் கழற்றினேன், பசையை மெல்ல விடுவித்து, ஒரு பிஸ்கட் டின்னில் மணல் போட்டு அதில் வைத்து வெளி வராந்தாவுக்குக் கொண்டுபோனேன்.

மற்றது சுலபம். விசிறியில் தூசி கெட்டியாகப் படிந்திருந்தது, சுத்தம் செய்தேன். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு 240 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் பாகமில்லாத சேமிப்பகம்) போட்டோம், 95 வெள்ளி. ரேமுக்கு ஒரு காலி இடம் இருந்தது, நான் ஆகஸ்டில் எனக்காக 78 வெள்ளிக்கு வாங்கிப் பிரிக்காமல் வைத்திருந்த 8 ஜிபி டிடிஆர்4 வகை ரேம் தகட்டைப் போட்டு அண்ணனிடம் அதே விலை வாங்கிக்கொண்டேன். இப்போதைக்குப் பேட்டரி இல்லாமல், சுவிட்சில் செருகித்தான் ஓடும். மூன்று நிமிடம் நாற்பது வினாடி எடுத்த கருவி இருபத்து நான்கு வினாடியில் திறந்தது. அண்ணன் மூன்று முறை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தார்.

21 அக்டோபர் 2025

நேற்று தீபாவளி. விருந்தாளிகள் எல்லாம் போன பிறகு அம்மா என் மேஜைக்கு வந்தார். பழைய 4 ஜிபி ரேம் தகடு ஒன்று அங்கே கிடந்தது. கையில் எடுத்து, விளக்குக்குக் கீழே சாய்த்துப் பார்த்தார். "இதுக்குள்ளதான்டா நாங்க கம்பி இழுத்தோம்" என்றார்.

அவர் கம்பி இழுத்தது இதே தகட்டில் இல்லைதான், ஆனால் சொன்னது சரி. அம்மா 1979-இல் பாயான் லெப்பாஸில் ஒரு கிலாங்கில், அதாவது தொழிற்சாலையில், சேர்ந்தார். அப்போது பதினெட்டு வயது. தோட்டத்திலிருந்து வந்து நான்கு பெண்கள் ஒரு வீட்டில் தங்கி, நிறுவனப் பேருந்தில் ஷிஃப்டுக்குப் போனார்கள். வேலை என்னவென்றால், மைக்ராஸ்கோப்புக்குள் பார்த்துக்கொண்டே சில்லின் விளிம்பிலிருந்து வெளிக்காலுக்குத் தங்கக் கம்பியால் இணைப்புப் போடுவது. அந்தக் கம்பியின் தடிமன் சுமார் 25 மைக்ரான், நம் தலைமுடியைவிட மெல்லியது. எட்டு மணி நேரம் அப்படிப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் சுவர்கூட ஆடுவதுபோலத் தெரியுமாம். முப்பதுகளிலேயே கண்ணாடி போட்டுவிட்டார்.

பினாங்குக்கு இதெல்லாம் எப்படி வந்தது என்று இளையவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. 1969-இல் சுதந்திரத் துறைமுகத் தகுதி (வரியில்லாமல் பொருள் வந்துபோகும் வசதி) போனதும் இங்கே வேலையில்லாத் திண்டாட்டம். அப்போது முதல்வராக வந்த லிம் சோங் யூ வெளிநாட்டு மின்னணு நிறுவனங்களைத் தேடிப் போய் அழைத்து வந்தார். பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வட்டாரம் 1972-இல் தொடங்கியது. இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை அந்த ஆண்டு இங்கேதான் அமைத்தது. ஏஎம்டி, எச்பி, ஹிட்டாச்சி, பாஷ், கிளாரியன், நேஷனல் செமிகண்டக்டர், லிட்ரோனிக்ஸ், இன்டெல் என முதலில் வந்த எட்டையும் சேர்த்து எட்டு சாமுராய் என்பார்கள். அம்மாவுக்கு அந்தப் பெயர் தெரியாது. எந்தக் கேன்டீனில் மீ கோரெங் நன்றாக இருக்கும் என்று தெரியும்.

பழையதைத் தூக்கிப் போடுவது எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று ஒருவர் முன்பு கேட்டிருந்தார். இதனால்தான். ஒரு தகட்டைப் பார்த்தால் எனக்கு விலைக்கு முன்னால் அம்மாவின் கண்கள் ஞாபகம் வரும்.

23 நவம்பர் 2025

ரேம் விலை இறங்கிக்கொண்டேதான் வரும் என்று 10 அக்டோபரில் எழுதியிருந்தேன். தயவுசெய்து அந்த வரியை நம்பி யாரும் காத்திருக்க வேண்டாம். நான் சொன்னது தவறு.

நேற்று கொம்தார் பக்கம் போனேன். ஆகஸ்டில் 78 வெள்ளிக்கு வாங்கிய அதே 8 ஜிபி தகட்டுக்கு 165 கேட்டார்கள். பக்கத்துக் கடையில் 170. மூன்றாவது கடையில் விலைப் பட்டியலையே எடுத்துவிட்டார்கள், கேட்டால்தான் சொல்வார்களாம். கடைக்காரர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்களுக்கு வரும் விலையே வாராவாரம் ஏறுகிறது.

உலகத்து ரேம் சில்லுகளில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று நிறுவனங்கள். செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்களுக்கு எச்பிஎம் என்ற அடுக்கு ரேம் வேண்டும், அதில் லாபம் அதிகம். அதே அளவு நினைவகத்தை எச்பிஎம்-ஆகச் செய்ய நம் கம்ப்யூட்டர்களுக்கான புதிய ரேமான டிடிஆர்5-க்குத் தேவைப்படுவதைப்போலச் சுமார் மூன்று மடங்கு சிலிக்கன் வேஃபர் (சில்லுகளை வெட்டியெடுக்கும் தட்டு) தேவை. ஆகவே அங்கே ஒரு பங்கு போனால் நம் பக்கம் மூன்று பங்கு குறைகிறது. டிடிஆர்4 வேறு பழையதாகிவிட்டது, அதைச் செய்வதையே குறைத்துக்கொண்டு வந்தார்கள். நாம் பயன்படுத்தும் பழைய லேப்டாப்புகளுக்கு வேண்டியதோ அதுதான்.

அண்ணன், உங்கள் மகளுக்குப் போட்டது நல்ல நேரத்தில் போட்டது. மற்றவர்களுக்கு ஒன்று: வீட்டில் கெட்டுப்போன லேப்டாப் கிடந்தால் ரேமைக் கழற்றி வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுங்கள்.

4 டிசம்பர் 2025

நேற்று வந்த செய்தியைப் பார்த்திருப்பீர்கள். மைக்ரான் குரூஷியல் என்ற பெயரில் நடத்தும் சில்லறை வியாபாரத்தை மூடுகிறது. நம்மைப் போன்றவர்கள் கடையில் வாங்கும் ரேமும் எஸ்எஸ்டியும் பிப்ரவரி 2026 வரைதான் அனுப்பப்படும், அதன்பிறகு பெரிய வாடிக்கையாளர்களுக்கு மட்டும். ஏற்கெனவே வாங்கியவற்றுக்கு உத்தரவாதம் தொடரும் என்று சொல்லியிருக்கிறார்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

நான் முதன்முதலாகச் சொந்தக் காசில் வாங்கிய ரேம் குரூஷியல்தான். அந்தப் பிள்ளையின் லேப்டாப்பில் போட்டதும் அதுவே. மைக்ரானின் தொழிற்சாலை பத்து கவான் என்ற ஊரில் இருக்கிறது, இரண்டாவது பாலத்தைத் தாண்டி இறங்கினால் பக்கம்தான். சில்லைப் பொருத்திச் சோதிக்கும் வேலை நம் ஊரிலேயே நடக்கிறது, ஆனால் நம் ஊர்ப் பிள்ளையின் லேப்டாப்புக்கு இனி அந்தப் பெயரில் ஒரு தகடு கடையில் கிடைக்காது. கணக்குப் போட்டால் அவர்கள் முடிவு புரிகிறது. மனதுக்குப் பிடிக்கவில்லை.

14 டிசம்பர் 2025

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாமே என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். அண்ணன் மகளுக்கு வேண்டாம் என்றேன், காரணம் பள்ளியில் கேட்கும் ஒன்றிரண்டு மென்பொருள். ஆனால் அம்மாவின் 2012 லேப்டாப்பில் போன வாரம் லினக்ஸ் மின்ட் 22 போட்டேன். 2029 வரை திருத்தம் உண்டு. 4 ஜிபி ரேமில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு மூச்சு வாங்காமல் ஓடுகிறது.

எனக்கு இருந்த பயம் தமிழ் தட்டச்சு. அம்மா கிலாங் நாட்களைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறார், அவர் பழகியது முரசு அஞ்சல். நம் நாட்டின் முத்து நெடுமாறன் 1985-இல் உருவாக்கியது அது. மலேசியாவில் தமிழில் தட்டச்சு செய்யக் கற்ற பாதிப்பேர் அவருக்குக் கடன்பட்டவர்கள் என்று நான் நினைக்கிறேன். ஆங்கில எழுத்தை ஒலிப்படி அடித்தால் தமிழ் வரும் முறை. லினக்ஸில் ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சு மென்பொருள் இரண்டையும் நிறுவினால் தமிழ் ஃபோனெட்டிக் என்று ஒன்று கிடைக்கும். கிட்டத்தட்ட அவர் பழகியதுதான், இரண்டொரு எழுத்துக்குத் தடுமாறினார், மாலைக்குள் பழகிவிட்டார்.

தமிழ்99 என்ற விசைப்பலகை முறையில் அடிப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. கீபோர்டு அமைப்பில் நேரடியாகத் தெரியும் தமிழ்நெட் 99-ஐத் தேர்ந்தெடுத்தால் எழுத்துகள் அதே இடத்தில்தான் இருக்கும், ஆனால் புள்ளி தானாக விழாது. பக்கம் என்று அடிக்க ஒவ்வொரு புள்ளியையும் நீங்களே வைக்க வேண்டியிருக்கும். எம்17என் வழியாக வரும் தமிழ்99-ஐ எடுங்கள், கவைத் தொடர்ந்து க வந்தால் புள்ளி தானாக விழும். எனக்கு இதைக் கண்டுபிடிக்க அரை நாள் போனது.

அம்மா இதுவரை ஏழு பக்கம் எழுதியிருக்கிறார். படிக்கக் கேட்டேன், இன்னும் முடியவில்லை என்றார்.

9 ஜனவரி 2026

வீங்கிய பேட்டரி என்ன ஆனது என்று கேட்டவருக்கு: குப்பைத் தொட்டியில் போடவில்லை, போடவும் கூடாது. குப்பை லாரி அழுத்தும்போது தீப்பிடிக்கும். மின்னணுக் கழிவும் லித்தியம் பேட்டரியும் நம் நாட்டில் 2005 விதிமுறைப்படி பட்டியலிட்ட கழிவு, உரிமம் பெற்றவர்கள்தான் கையாள வேண்டும். வட்டாரத்தில் சேகரிப்பு நாள் வந்தபோது டின்னோடு கொண்டுபோய், வீங்கியது என்று சொல்லிக் கொடுத்தேன். தனியாக வைத்தார்கள். வாசலில் வரும் பழைய சாமான் வண்டியில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

2 பிப்ரவரி 2026

நேற்றுத் தைப்பூசம். தண்ணீர்மலை அடிவாரத்தில் ஒரு தண்ணீர்ப் பந்தலில் அண்ணனையும் மகளையும் பார்த்தேன். நல்ல வெயில், நல்ல கூட்டம், நின்று பேச முடியவில்லை. புது பேட்டரி போன மாதம் வந்ததாம், 140 வெள்ளி. அவரே திருகைக் கழற்றி மாட்டியிருக்கிறார், மகள் போனில் விளக்கு பிடித்தாளாம். எஸ்எஸ்டி, ரேம், பேட்டரி மூன்றும் சேர்த்து 313 வெள்ளி.

வாங்கிய பேட்டரியின் வோல்ட்டும் இணைப்பும் பழையதோடு ஒத்துப்போகிறதா, சார்ஜ் 80 சதவீதத்தில் நிற்க அமைப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். சில நிறுவனங்களின் லேப்டாப்பில் மட்டும் அது இருக்கும். இருந்தால் கட்டாயம் போடுங்கள்.

3 பிப்ரவரி 2026

அண்ணன் காலையில் எழுதினார். 80 சதவீத அமைப்பு இருந்ததாம், போட்டுவிட்டார். பேட்டரி இரண்டரை மணி நேரம் தாங்குகிறது. பிரின்டர்தான் தகராறு செய்கிறது. சனிக்கிழமை ஃபெரியில் நான் வருகிறேன், அண்ணே. அதுவரை அந்தப் பிரின்டரின் டிரைவர் மென்பொருளை அழித்துவிடாதீர்கள்.